அப்பா தலைவெட்டியாக நடித்த படம்

என் அப்பா ஒரே ஒரு படத்தில் நடித்தார். பிள்ளை பிடித்துத் தலை வெட்டுகிறவன் வேஷம்.

பேசும் படம் வருவதற்கு முந்தைய காலம். மலாயாவில் மூவார் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் அதில் வேலை செய்தோம், அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சீனர். கேமராப் பெட்டியை யாரையும் தொடவிட மாட்டார். இன்னொருவர் தொப்பி போட்ட தமிழர். பேச்செல்லாம் அவர்தான். படக் கம்பெனி என்று சொன்னார்கள். அந்த இரண்டு பேர்தான் கம்பெனி.

பேய்ப்படத்துக்கு இருட்டான இடம் வேண்டுமாம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியார் புகைவீட்டைக் காட்டக் கூட்டிப்போனார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கிற வீடு அது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. உள்ளே இருந்து அப்பா கதவைத் திறந்தார். தொப்பிக்காரர் அப்பாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் இடத்தைப் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்குச் சிறுவயதில் அம்மை போட்டிருந்தது. முகம் முழுக்கக் குழி. ஒரு பக்கம் புருவம் கிடையாது. புகையிலேயே நிற்பதால் கண் எப்போதும் சிவப்பு. எனக்கு அதெல்லாம் தனியாகத் தெரிந்ததில்லை. அப்பா முகம் என்றால் அப்படித்தான் இருக்கும். தோட்டத்தில் ஆத்தா முத்துப் பதித்த முகம் என்பார்கள்.

அந்த முகத்துக்கு ஒரு மரியாதையும் இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்புத் தொட்டில் எடுப்பார்கள். எங்கள் தோட்டத்தில் தொட்டிலில் போடுமுன் ஒரு வழக்கம். அம்மை வந்து பிழைத்த ஆள் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும். சன்னதிக்கு நேரே காட்டிவிட்டுத் தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையை அம்மை அண்டாது என்று நம்பிக்கை. வருஷாவருஷம் அப்பாதான் வாங்குவார். எந்தப் பிள்ளையும் அவர் கையில் அழுததில்லை. மற்ற நாளில் அவர், வேலைக்காரர் குடியிருப்பு வரிசையில் கடைசி லயத்துப் புகைவீட்டுக்காரர். அன்றைக்கு மட்டும் கங்காணியாரே ஒதுங்கி வழி விடுவார். நான் அப்பா பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

படத்துக்கும் ஒரு கைப்பிள்ளை வேண்டியிருந்தது. அது அழக் கூடாது.

"இவர்கிட்ட அழாதுங்க," என்றார் கிராணியார்.

"அப்ப வேற ஆளே வேணாம்," என்றார் தொப்பிக்காரர்.

பாலம் கட்டினால் தூணுக்கு அடியில் பிள்ளைத் தலை வைப்பார்கள் என்று அந்த நாளில் சுற்றியிருந்த எல்லாக் கிராமத்திலும் ஒரு பேச்சு உண்டு. அதுதான் கதை. அப்பாவுக்குத் தலை கொண்டுபோய்க் கொடுக்கிறவன் வேஷம். கத்தி கிடையாது, கோரைப்பல் கிடையாது, மை கூடப் பூசவில்லை. புகைவீட்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள். தோட்டத்து ஆள் ஒருவன் கீழே குந்தி, நிலைக்கண்ணாடியைப் பிடித்து வெயிலை அப்பாவின் தாடையில் அடித்தான்.

அப்பா முறைத்துப் பார்த்தார். பல்லைக் கடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நடிக்காதீங்க அண்ணே," என்றார் தொப்பிக்காரர். "கோயில்ல புள்ள வாங்குவீங்களாமே. அதே மாதிரி கைய நீட்டுங்க. அதே மாதிரி சிரிங்க. மெதுவா."

அப்பாவுக்கு அது தெரியும். இரண்டு கையையும் நீட்டினார். சிரித்தார். பிள்ளையும் சிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவார் படக்கொட்டகையில் படம் ஓடியது. தோட்டத்து லாரியில் எல்லோரும் போனோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்திருந்தார். லாரியில் அவரை முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கதை சொன்னார். படத்தில் ஒரு தாய் குளத்தில் துணி துவைக்கிறாள். பிள்ளை கரையில் சேலைத்துணியில் கிடக்கிறது. புகைவீட்டுக் கதவு திறக்கிறது. புகை. புகைக்குள் அப்பா முகம். திரை முழுக்க அந்த முகம்தான். ஒவ்வொரு குழியும் என் கை முழுகும் அளவுக்கு இருந்தது. அவன் ஓடவில்லை, கத்தவில்லை. கையை நீட்டிச் சிரித்துக்கொண்டே நம்மைப் பார்த்து வந்தான்.

"வர்றான் பாவி! தாய்மாரே, மடியில இருக்கிற புள்ளய இறுக்கிப் பிடிச்சுக்குங்க!" என்று கதை சொல்கிறவர் கத்தினார். கொட்டகை முழுக்கப் பிள்ளைகள் அழுதன. பிறகு வெறும் சேலைத்துணி மட்டும் தரையில் கிடந்தது. அடுத்து ஒரு புதுப்பாலம். வெட்டுகிறதைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

படம் முடிந்து கதவுகளைத் திறந்தார்கள். வெளிச்சம் வந்தது. முன்வரிசையில் டவுன்காரம்மா ஒருத்தி எழுந்து திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். "ஐயோ" என்று அலறிப் பிள்ளையை வாரிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறி ஓடினாள். கொட்டகையே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அப்பா அவள் போன பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. எழுந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு.

"எம் புள்ள சோறு திங்க மாட்டேங்குது. உம் வூட்டுக்காரர கொஞ்சம் அனுப்பு. ஒரு தடவ எட்டிப் பாத்தாப் போதும்."

"அனுப்புறேன். வந்தவருக்கும் சோறு போட்டு அனுப்பு," என்பாள் அம்மா. அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது சிரிப்பு இருக்காது.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் என் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "தலைவெட்டி மவளே, உங்க வூட்டுல இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்டார்கள். அப்பா வழியில் வந்தால் வேறு பக்கம் பார்ப்பேன். யாரும் அவரை வெறுக்கவில்லை. எல்லாம் விளையாட்டுத்தான். ஆனால் அவர் நடந்து வந்தால் வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் ஒன்றாக அலறின. அப்பா லயத்து வழியை விட்டுவிட்டு, கால்வாய் ஓரமாகச் சுற்றி வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

திருவிழா வந்தது. எனக்கு ஒரே ஒரு கவலை. யாரும் அப்பா கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் அவர் வெறும் கையோடு நிற்பார். நான் அதைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் லயத்து அக்கா ஒருத்திதான் தொட்டில் எடுத்தாள். முதல் இரண்டு பிள்ளையும் தங்காமல் போய், ஆத்தாவிடம் கேட்டுப் பெற்ற மூன்றாவது. மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு வந்தாள். கரும்பைப் பிடித்தபடி அவள் புருஷன் பின்னால். கூட்டம் வழி விட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் நேரே அப்பாவிடம் வந்தாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"அண்ணே, புடிங்க," என்று பிள்ளையை நீட்டினாள்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்பாவின் கை எழவில்லை. முதலில் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற யார்கிட்டயாவது குடும்மா," என்றார்.

மேளம் நின்றது.

"ஏண்ணே? எம் புள்ளைக்கு என்ன கொற?" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஏதாச்சும் தெரியுதா உங்களுக்கு? சொல்லுங்கண்ணே."

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா."

"பின்ன வாங்குங்க."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தா குடுத்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வேணாம்னு சொல்ல நீ யாருய்யா?"

அப்பா பிள்ளையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவள் நீட்டிய கையோடு நின்றாள். கடைசியில் பூசாரியே பிள்ளையை வாங்கிச் சன்னதிக்கு நேரே காட்டினார். அது வீல் என்று கத்தியது. அப்பா கூட்டத்துக்கு வெளியே வந்துவிட்டார்.

படத்தில் நடித்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். என் காதில் விழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாவம் அந்த அக்கா, வரம் கேட்டுப் பெற்றவளை அழவிட்டாரே என்று எனக்கு முகம் எரிந்தது. கொட்டகையில் பட்ட வெட்கத்தைவிட இது பெரிசு.

அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். "போ, அப்பா கூடப் போ."

பால்மரங்களுக்கு நடுவில் அவர் முன்னால் போனார். நான் பின்னால். நல்ல வெயில். கோயிலில் மேளம் மறுபடி ஆரம்பித்தது. அப்பா நின்றார். திரும்பவில்லை.

"படத்துல பாத்தப்ப நீ பயந்தியா?"

கூத்தில் அரக்கன் வேஷம் கட்டுகிறவரிடம் போய்ப் பிள்ளைகள் பயந்தோம் என்று சொன்னால் அவர் மீசையை முறுக்கிக்கொள்வார். அது எனக்குத் தெரியும். அப்பாவைச் சமாதானப்படுத்தி மறுபடி கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன்.

"ரொம்பப் பயந்துட்டேம்பா. நடுங்கிப் போயிட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார்.

"நானுந்தான்," என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சத்தமாகச் சிரித்தேன்.