கையைக் காட்டு

“கையக் காட்டு!”

லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடைக் கானின் கரையில் இருபது பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டுகிறார்கள். அமராவதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். கீறல் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க முடியாது; மேலே நின்று குப்பைச் சாக்கைப் பிடிக்கலாம். “சின்னக் கீறல்தான் அத்தே!” என்று யாராவது இழுத்தால், “கான்ல ஓடுற வெசத்துக்குச் சின்னது பெருசு தெரியாது லா” என்பாள்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வாரம் ஆறு நாள் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்தடிப்பவள் அவள். ஏழாம் நாள், தமிழ்ப்பள்ளியின் கோத்தோங் ரோயோங் கூட்டுவேலைக்குத் தானாக வந்து நிற்கிறாள். கான் சுத்தம் செய்வது, கரையில் வாழை நடுவது, பள்ளித் தோட்டத்தில் கீரைப் பாத்தி வெட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. காலி மருந்து டின்னை மட்டும் பிள்ளைகள் தொடக்கூடாது. அதை அவளே குச்சியால் வாரி எடுப்பாள். அந்த டின்களைக் கானில் வீசுவது தோட்டத்து ஸ்டோர். ‘கானைச் சுத்தமாக வைப்போம்’ என்று பலகை நட்டது தோட்டத்து ஆபீஸ். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான்.

மண்ணில் குப்பை போட்ட பிள்ளைக்கு அவளிடம் அடி கிடையாது. புத்தகத்தை மிதித்தால் செய்வதுபோல, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ‘மருந்து’ என்று சொல்பவனுக்கும் அதே தண்டனை. “மருந்துன்னா நோவு தீரணும். இது தீர்க்குதா? வெசம்னு சொல்லு!” தோட்டம் முழுக்க மருந்து என்று சொல்ல, அவள் ஒருத்தி மட்டும் மல்லுக்கு நிற்பாள். எந்நேரமும் விரல்களில் துணி சுற்றியிருப்பாள். சொறி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, தோட்டத்து ஆபீஸ் கிராணி செல்லையா லோரியில் நான்கு நீலத் தோங்குகளை, ஆள் இடுப்பளவுப் பீப்பாய்களை, கொண்டுவந்து கீரைப் பாத்தி அருகே இறக்கினார்.

“பிள்ளைங்க நல்லா வேலை செய்யுதுன்னு தொரை குடுத்தாரு. மழத்தண்ணி புடிச்சு வச்சுக்குங்க.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். அமராவதி ஒரு தோங்குக்குள் தலையை விட்டு மோந்தாள். வெள்ளிக்கிழமை அவளே மருந்து கலக்கிய தோங்கு. மேலே ஒட்டியிருந்த மண்டையோட்டு எச்சரிக்கைத் தாளைச் சுரண்டியிருந்தார்கள். தடம் மட்டும் போகவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தோட்டத்துக்கு இளைத்தது தமிழ்ப்பள்ளி. குப்பையில் போடவும் யோசிக்கவேண்டிய சாமானைப் பரிசென்று கொடுக்க என்ன நெஞ்சழுத்தம்!

“இதுலயா புள்ளைங்க கை களுவும்?”

“மூணு தடவ களுவியாச்சு. மருந்துதானேம்மா, என்னா ஆயிடப் போவுது?”

அமராவதி வாழைக்கட்டை வெட்ட வைத்திருந்த பாராங் கத்தியை எடுத்தாள். தோங்குகளைக் கவிழ்த்து, நான்கின் அடியையும் பிளந்தாள்.

கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. “தோட்டத்துச் சாமானயா ஒடைக்கிற? நாளையிலேர்ந்து ஒனக்குப் பேரு கெடையாது!”

செக்ரோலில், அந்த ஆள்கணக்குப் புத்தகத்தில், பேர் இல்லையென்றால் கூலி இல்லை. சில நாளில் லயத்து வீடும் இல்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அது தெரிந்துதான் அவரும் சொன்னார். அமராவதி பாராங்கைக் கீழே வைத்தாள்.

“கிராணி ஐயா, கையக் காட்டுங்க.”

பழக்கதோஷம், பின்னால் நின்ற இருபது பிள்ளைகளும் சட்டென்று கையை நீட்டிவிட்டார்கள். கிராணி மட்டும் இரண்டு கைகளையும் சிலுவார் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அமராவதி வலக்கைத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் போய் நின்று, மூன்று விரல்களில் நகமே இல்லாத அந்தக் கையை அவர்களோடு சேர்த்து நீட்டினாள்.