விரதம் என்று பெயர் வைத்தோம்

என் மகள் சாப்பிடாமல் இருந்ததற்கு நாங்கள் வைத்த பெயர் விரதம். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. அப்புறம் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்த பெண், காலண்டரில் எந்தத் தேதியைக் கிழித்தாலும் அதில் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிடுவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லலில் எங்கள் தெருப் பெண்கள், பிள்ளைகள் புரோட்டாக் கடையே கதி என்று கிடப்பதைச் சொல்லிப் புலம்பும்போது, "எங்க வீட்ல ஒண்ணு வாரத்துல மூணு நாளு பச்சத் தண்ணியோட கெடக்குது" என்று நான் குரலை உயர்த்திச் சொல்வேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆறு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. பங்குனி வெயிலில் போர்வை கேட்டாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. புத்தியுள்ள தாய் இதை டாக்டரிடம் சொல்லியிருப்பாள். நான் நாத்தனாரிடம் சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெரதம் தடைபடக் கூடாதுன்னு ஆத்தாளே தள்ளி வச்சிருக்கா. இந்தக் குடுப்பினை யாருக்கு வரும்?" என்றார். பெண்ணின் உடம்பு நின்றுபோனதை அம்மன் அருளாக்கிய பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும். இந்தச் சேதி பரவி, இரண்டு வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்தது.

அந்தப் பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க அவளுக்குக் காப்புக் கட்டினோம். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு அது. கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. மூன்றாம் நாள் கல்லூரியில் மயங்கி விழுந்தாள். காரைக்குடி டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் பார்த்தது மனநல மருத்துவர், என்னைவிட வயதில் இளைய பெண். பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, இது நோய் என்றார். முதலில் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து, இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுக்க வேண்டும். உடம்பு தேறியதும் காலையில் வந்து, அங்கேயே சாப்பிட்டு, மாலையில் திரும்பலாம். அதன் பிறகுதான் வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவது. "ஆஸ்பத்திரியில் தங்கும் மேல் படியில் தொடங்கவேண்டிய நிலைமை. இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"காப்புக் கட்டியிருக்கு டாக்டர். எட்டு நாள் கழிச்சுச் சேத்துக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

அந்த டாக்டர் எங்களைப் பார்த்த பார்வைக்கு, எங்கள் கன்னத்தில் அறைந்தே இருக்கலாம். எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம் என்று இரண்டு முறை சொன்னார். எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இரவுக்குள் ஊர் வந்து சேர்ந்தோம். எல்லை தாண்டாத உத்தமர்கள்.

மறுநாள் காலையில் கணவரின் அண்ணன் நியாயம் சொல்ல வந்தார். குடியை நிறுத்த மூன்று முறை சிகிச்சை இல்லத்தில் இருந்தவர். முதல்முறை நாங்கள் வேன் பிடித்து, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். மூன்றாவது முறை திரும்பி வந்ததும் கோயிலில் பரிவட்டம் கட்டினார்கள். அவர் நோயை நான் பழிக்கவில்லை. அது அவரைப் படுத்திய பாட்டை அருகில் இருந்து பார்த்தவள் நான். அவர் வாயைத்தான் பழிக்கிறேன்.

"வாராவாரம் கூட்டிட்டுப் போயி பேசிட்டு வாங்க, போதும். பொம்பளப் புள்ளைய மனநோய் ஆஸ்பத்திரியில வச்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாக?" என்றார்.

"நீங்க மூணு தடவ உள்ள இருந்தீகளே?" என்று கேட்டேன்.

"ஆம்பளைக்குக் குடிங்கிறது ஒலகத்துல உள்ளதுதான். இவளுக்கு என்ன? சோறு தின்னாச் சரியாப் போகுது."

சிகிச்சை எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்பதை மதுரையில் நாடித்துடிப்பு முடிவு செய்தது. எங்கள் வீட்டில் எதிர்வீட்டுக்காரி என்ன சொல்வாள் என்பது அதை முடிவு செய்தது.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மகள் அறையிலிருந்து வந்தாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, அவிழ்ந்த முடியை முடிய இரண்டு கையையும் தூக்கினாள். மணிக்கட்டில் கட்டிய காப்பு வழுக்கிக்கொண்டு முழங்கையைத் தாண்டி இறங்கியது. தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அதை வெட்டினேன். "ஆத்தா சும்மா விடுவாளா?" என்று பின்னால் சத்தம் கேட்டது. என்னைக் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காருக்கு போன் போட்டேன். கணவர் அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தார்.

திருப்பத்தூர் தாண்டும்வரை அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு, எதிரே பார்த்தபடியே பேசினாள்.

"நான் வெரதம் இருக்கலம்மா. சோத்தப் பாத்தாலே பயமா இருக்கும். ஒனக்குத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். தீபாவளிக்கு முன்பே, அவள் அலமாரியில் புடவைக்கு அடியில் காய்ந்த இட்லிகளைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, அன்று மாலையும் தெருவில் நின்று அவள் பக்தியைப் பற்றித்தான் பேசினேன்.

"தெரியும்" என்றேன்.

மதுரை வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.