போர்த்துக்கேயரின் முழங்கால்

உதைபந்தாட்டம் என்றால் எனக்கு இன்றைக்கும் அலுப்புத்தான். பந்தை நான் ஒருநாளும் காலால் தொட்டதில்லை. அலுப்பெல்லாம் வாசித்து வந்தது. பத்து வயதில், பண்டத்தரிப்புப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், போர்த்துக்கல் ஆட்டக்காரர் ஒருவரின் கதையைச் சத்தம்போட்டு வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

அப்பாவின் தம்பியான என் சித்தப்பா கனடாவுக்கென்று புறப்பட்டவர். ஏஜென்சிக்காரன் அவரைப் போர்த்துக்கலில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். அங்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தில் சின்னதாய் ஓர் உதைபந்தாட்டக் கழகம். உடுப்புத் தோய்க்கவும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடவும் சித்தப்பாவை அதில் சேர்த்துவிட்டவர் அந்தக் கழகத்தின் நடுக்கள ஆட்டக்காரர். இருக்க அறை பிடித்துக் கொடுத்தவரும், கழகத் தலைவரிடம் கடிதம் எழுதி வாங்கிப் பொலிஸ் தொல்லையில்லாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த மனிதர் ஓடித் திரியும்வரை தம்பிக்குப் பயமில்லை என்று அப்பா சொல்வார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரைப் பிடித்துக் கோயில்களை இடித்தவர்களிடமே போய் ஒதுங்கியிருக்கிறானே என்று அம்மா முணுமுணுப்பார்.

கடிதங்கள் கப்பலில் வரும். வழியில் யார் யாரோ உடைத்துப் பார்த்து, மூன்று நான்கு மாதம் கழித்து எங்கள் கைக்குக் கிடைக்கும். அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிருந்தது. கொழும்புக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும், சண்டை நடந்த அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்ன லேசுப்பட்ட காரியமா? அம்மாவுக்கோ "சுகமாயிருக்கிறன்" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எழும்பி வெங்காயம் நட்ட தறைக்குப் போய்விடுவார். மிச்சம் நான்.

முதல் பக்கம் சுகம் விசாரிப்பு. கடைசிப் பக்கம் எல்லோருக்கும் அன்பு. இடையில் முழுக்க முழுக்க அந்த ஆட்டக்காரர். மீன்பிடிக்காரரின் பிள்ளை. பதினேழு வயதில் தலைநகரத்துப் பெரிய கழகமொன்று கூட்டிக்கொண்டு போய் ஒரு வருடம் ஆடவிடாமல் வாங்கில் இருத்தி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. பிறகு ஒரு சின்னக் கழகம், பிறகு அதிலும் சின்னது. முப்பது தாண்டியபின் இந்தப் பட்டினத்தில் அணித் தலைவர். அப்பாவும் வாலிபத்தில் ஊர் அணிக்கு நடுவில் நின்று ஆடியவர். விடுவாரா? பந்து எந்தக் காலுக்கு வந்தது, யாருக்குக் கொடுத்தார் என்று ஒவ்வொரு வரியையும் திருப்பித் திருப்பி வாசிக்க வைப்பார். மணலில் கோடு கீறிப் பார்ப்பார். அடுத்த நாள் அவருடைய கூட்டாளி ஒருவர் வருவார், அவருக்காக முதலிலிருந்து ஒருதரம். ஒரு கோல்கூட அடிக்காத மனிதருக்கு ஏன் இவ்வளவு கதை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கோல் அடிக்கிறவனிடம் பந்து எப்படிப் போனது என்று நீ யோசித்தாயா என்றார் அப்பா. நான் யோசிக்கவில்லை. தொண்டை வறண்டிருந்தது.

ஒருநாள் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்குக் காலையிலிருந்து வரிசையில் நின்றுவிட்டு, பின்னேரம் அரைப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன். கால் இரண்டும் கொதித்தன. அப்பா கதிரையில் கடிதத்தோடு காத்திருந்தார். தடித்த கடிதம், ஆறு பக்கம். எனக்கு அழுகை வந்தது.

முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பியதும் "முழங்கால்" என்று கண்ணில் பட்டது. கீழே இன்னொரு முழங்கால், ஒரு டொக்டர், மறுபடியும் முழங்கால். வலதா இடதா என்று அப்பா ஒரு மணித்தியாலம் கேட்பாரே என்று நினைத்தேன். நாலு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"பந்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ, பிள்ளை?"

"இல்லையப்பா."

"வடிவாப் பார்."

பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். வேலை கூடவாக இருக்கும், எழுத நேரம் கிடைத்திராது என்று அப்பா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முகம் வாடிப்போயிற்று. அதைக் கண்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. கடிதத்தைப் பிஸ்கட் பேணிக்குள் போட்டு மூடினேன்.

பதில் கடிதத்தை அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மழை பிந்திவிட்டது, உரம் இல்லை, ஆனாலும் வெங்காயம் இந்தமுறை பரவாயில்லை. இரண்டு பக்கமும் வெங்காயம்.

அதற்குப் பிறகு சித்தப்பாவின் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. பந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தம்பி மாறிப்போனான் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். எனக்கோ பெரிய ஆறுதல். சண்டை நெருங்கி, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அந்தப் பேணியும் வீட்டோடு போயிற்று.

பல வருடங்களுக்குப் பிறகு, அப்பாவின் செத்தவீடு முடிந்த கையோடு சித்தப்பா தொலைபேசியில் பேசினார். ஒருதரமும் ஊருக்கு வராத சித்தப்பா. அழுது ஓய்ந்தபின், களைத்த குரலில் தொடங்கினார்.

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும், பிள்ளை. அவரின்ரை முழங்கால் போச்சுது, கழகம் அவரை விட்டிட்டுது, என்ரை வேலையும் அறையும் போச்சுது எண்டு நாலு பக்கம் எழுதினனான். அண்ணை வா எண்டு ஒரு சொல் எழுதினால் வந்திடுவன் எண்டும் எழுதினனான். அண்ணை வெங்காயத்தைப் பற்றி எழுதியிருந்தார்."

தான் வரவேண்டாம் என்றுதான் அண்ணை அப்படி எழுதினார் என்று சித்தப்பா நினைத்தாராம். பிறகு அந்த ஆட்டக்காரர் தன் ஊரில் போட்ட பாண் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த சித்தப்பா இன்னும் அங்கேதான்.

நான் சொன்னேன். மண்ணெண்ணெய் வரிசையை, கால் நோவை, சேர்த்துத் திருப்பிய நாலு பக்கத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப அண்ணைக்கு உது தெரியவே தெரியாதோ?"

தெரியாது என்றேன்.

ஒவ்வொரு கடிதம் வந்தபோதும் பந்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று அப்பா ஆவலோடு கேட்பார். பத்து வயதில், அவர் பந்தைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.