தனி ஆவர்த்தனத்துக்குப் பின் வந்த பேஸ்

எழுபதுகளில், மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் நானும் அக்காவின் கணவரான அத்திம்பேரும் ஹெட்போன் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவருடையது ஜெர்மன்; பேஸ், அதாவது அடிக்குரல் ஒலி, கனம். என்னுடையது ஜப்பான், சுத்தமான ஒலி. அப்படித்தான் சாதிப்பேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிதான் எங்கள் உரைகல்.

"உன்னோடதுல தொப்பியே கேக்கலை. டின்னைத் தட்டற மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள்.

"உங்களோடதுல வாசிக்காத தொப்பியும் கேக்கறது."

அதை நிரூபிக்க, இரண்டு வருஷத்துக்கு முன் அதே கூடத்தில் நான் பதிவு செய்த ஸ்பூல் நாடாவைப் போட்டேன். நாடாவில் பக்கத்து வீட்டுக்காரர் மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் வாசித்து முடித்தார். அதற்குப் பிறகும் அத்திம்பேர் ஹெட்போனில் தும், தும் என்று நிதானமாக ஏதோ வந்துகொண்டே இருந்தது. என்னுடையதில் அதே இடம் நிசப்தம்.

"பாத்தேளா? இது பேஸ் இல்லே, பொய்."

காபி கொண்டுவந்த அம்மா அத்திம்பேருடையதை வாங்கிக் காதில் வைத்தாள். வெகுநேரம் கழற்றவில்லை. பிறகு நிமிர்ந்து உத்தரத்துக் கொக்கிகளைப் பார்த்தாள். அதில் தொங்கிய ஊஞ்சலை, போன வருஷம் அப்பா போனதும் கழற்றிப் பரணில் போட்டிருந்தோம்.

"உங்கப்பா காலால தரையை உந்தறார்" என்றாள்.

என்னுடையதையும் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல அவர் இல்லையேடா."