இருபது லட்சம் வயது எருது

எகுவாமிடம் குறை என்று ஊர் ஒன்றைத்தான் சொல்லும்: அவனுக்குப் பேர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பேர் இருக்கிறது. அது, மாடு மேய்க்கும் துர்க்கானா மக்களிடையே, அம்மாவும் மனைவியும் கூப்பிட உதவும். ஆம்பிளைக்குப் பேர் எருதிடமிருந்து வரவேண்டும். சிவப்பு எருது வைத்திருப்பவன் சிவப்பு எருதின் அப்பன். ஆட்டத்தில் தன் எருதின் கொம்புபோலக் கைகளை வளைத்துத் தூக்கி, அதன் நிறத்தைச் சொல்லிப் பாடுவான். எகுவாமின் எருதுக் கன்று வளர்வதற்குள் வறட்சி வந்து கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து ஆட்டத்தில் அவன் முறை வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பான்.

"ஆட்டைப் பத்திப் பாடேன், யார் வேண்டாங்கறா?" என்பான் கூட வளர்ந்த லோகிரு.

பிழைப்பு, கல்லாய்ப்போன எலும்பு தேடுவது. துர்க்கானா ஏரிக்கு மேற்கே வருஷாவருஷம் கூடாரம் போடும் நிலவியல் டாக்டர் செப்கெமோயிடம் வேலை. எகுவாம் ஓடைச் சரிவில் இறங்கினால் காலமும் கூடவே இறங்கும். உச்சியில் நேற்றைய ஆட்டுப் புழுக்கை. கொஞ்சம் கீழே விரல் நீளத்துக்குப் பன்றியின் கடைவாய்ப் பல். இன்னும் கீழே அந்த வம்சத்துக்கே பல் பாதிதான். புல்லைத் தின்னத் தின்னத் தலைமுறை தலைமுறையாக நீண்டதாம். அதற்கும் கீழே, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், மீனும் முதலையும். நடுநடுவே எரிமலை துப்பிய சாம்பல் பட்டைகள். டாக்டர் வயசு சொல்வது அவற்றை வைத்துத்தான். உலகத்தில் எத்தனையோ குடிகள் வந்து போயிருக்கின்றன. ஒன்றுகூடக் காலி செய்யும்போது வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகாததால் எகுவாமுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் சாம்பல் பட்டைக்குள் ஒரு கொம்பு தெரிந்தது. தோண்டினார்கள், கொம்பு முடிகிற வழியாக இல்லை. மண்டையோடு முழுதாக வெளிவந்ததும், பக்கத்தில் மல்லாந்து படுத்து அளந்து பார்த்தான் எகுவாம். கொம்புக்கு அவன் போதவில்லை.

"எருமைச் சாதி. இருபது லட்சம் வருஷம் இருக்கும்" என்றார் டாக்டர்.

"என்ன நெறம்மா?"

"தோலு, மயிரெல்லாம் எப்பவோ போயிடுச்சே எகுவாம். எலும்பப் பாத்து நெறம் சொல்ல முடியாது."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல மனுஷி, யோசித்தும் பார்த்தார். நிறம் வரவில்லை.

மறுநாள் பெரியவர்கள் கூடும் மரநிழலுக்கு டாக்டரையும் அழைத்துப் போனான். இந்த எருதின் பேரில் தனக்குப் பேர் கிடைக்குமா என்று கேட்டான். பெரியவர் லோபெயோக் எடுத்த எடுப்பில், "யாரோட மாடு?" என்றார்.

"அப்ப மாடு வளக்குற ஆளே கெடையாது பெரியவரே" என்றார் டாக்டர். "மனுஷ சாதியே நிமிந்து நடந்து, கல்லை ஒடச்சுக்கிட்டு இருந்த காலம்."

"நடந்தான்ல? அப்ப மாட்டை ஓட்டிக்கிட்டுத்தான் போயிருப்பான். சும்மா எதுக்கு நடக்கணும்?"

மனிதன் எதற்கு நிமிர்ந்தான் என்பதில் டாக்டரின் துறையிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

"காயடிச்சதா?" என்றான் கூட்டத்தில் நின்ற லோகிரு.

"மண்டைதான் கெடச்சுது. பின்பக்கம் இன்னும் தோண்டல" என்றான் எகுவாம்.

"ஒடையவன் தேடி வந்தா?"

"இத்தன நாளா வரலையே."

"தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருப்பான்."

"சட்டப்படி அது அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்" என்றார் டாக்டர், மெதுவாக.

"பாத்தியா, வந்துட்டாங்க" என்றான் லோகிரு.

லோபெயோக் கையமர்த்தினார். "மாட்டைக் கொண்டு போகட்டும். பேரையும் வண்டியில ஏத்துவீங்களாம்மா?"

"பேரைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல பெரியவரே."

"அப்ப நெறத்தைச் சொல்லுடா."

கறுப்பு என்று சொல்லலாம். சிவப்பு என்று சொல்லலாம். பார்த்த சாட்சி ஒருத்தன்கூட உயிரோடு இல்லை. ஆனால் எகுவாமுக்கு மாட்டின் நிறத்தில் பொய் சொல்ல வரவில்லை. சொன்னால் ஆட்டத்தில் எந்த முகத்தோடு பாடுவது?

"தெரியல" என்றான். பேர் போயிற்று என்றே நினைத்தான்.

பெரியவர் புகையிலையை அதக்கிக்கொண்டார். "எதுக்குள்ள கெடந்துச்சு?"

"சாம்பலுக்குள்ள."

"எம்புட்டு காலம்?"

"அவ்வளவு காலமும்."

"என் மாடு பத்துப் பன்னெண்டு வருஷம் நெறத்தைத் தோல்ல வெச்சிருக்கும். இதுக்கு எலும்பு வரைக்கும் சாம்பல் ஏறியிருக்கு. இதவிட நெறம் எந்த மாட்டுக்குடா இருக்கு? போ. நீ அப்பலோபுவா. சாம்பல் எருதோட அப்பன்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எகுவாமின் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

அன்று சாயங்கால ஆட்டத்தில் முறை வந்ததும் அப்பலோபுவா கைகளை அகல விரித்தான். இரண்டு பக்கமும் நின்றவர்கள் இடிபட்டு ஒதுங்க, வரிசையே கோணிற்று.

"கொம்பைக் கொஞ்சம் மடக்கேன்யா" என்றான் லோகிரு. "மத்தவன் மாடு நிக்க வேண்டாமா?"

"மடங்காது. கல்லு" என்றுவிட்டு, அவன் பாட்டைத் தொடர்ந்தான்.