நாலு நிமிடப் பேச்சுக்கு மூன்று பேர்

மனு எழுதுவது என்றால், ஒருவர் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு அழாமல் எழுதுவது. தென்காசியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஆறு வருடமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். பென்ஷன் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை, ரயில் நிற்கவில்லை என்று எதைக் கொண்டுவந்தாலும் அரைப் பக்க ஆங்கிலத்தில் அடக்கிவிடுவேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தங்களுக்கே புரியாததை எதிரே நிற்பவருக்கு விளக்கிப் பழகியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இந்த அவஸ்தையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாரல் காலத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாற்பது பக்கம்

டெல்லியிலிருந்து உறுப்பினரின் உதவியாளர் பேசினார். செல்போனிலும் வங்கியிலும் பணம் கைமாறும் முறைகளை ஒழுங்குபடுத்தவும், மோசடியைத் தடுக்கவும் ஒரு மசோதா விவாதத்துக்கு வருகிறதாம். ஐயாவுக்கு நாலு நிமிடம் கிடைத்திருக்கிறது. பாதிக்கப்பட்ட மூன்று பேரின் அனுபவம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். கூடவே மசோதாவையும் அனுப்பி வைத்தார். நாற்பது பக்கம்.

அன்று மதியம் முழுக்க அதைத்தான் படித்தேன். ஒரு பிரிவு, இன்னொரு பிரிவைப் பார் என்றது. அங்கே போனால் 'முற்பிரிவில் கண்டவை நீங்கலாக' என்று இருந்தது. 'பங்கேற்பாளர்' என்று ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் வந்தார். அவர் வங்கியா, செயலி நடத்தும் கம்பெனியா, பணம் அனுப்புகிற ஆளா என்று கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் சண்முகவேல் அண்ணாச்சி முன்பு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்து, ஆறு பக்கம் படித்து, மூடி வைத்தார்.

"ஏமாந்தவன் யாருன்னு இதுல எங்கனயும் வரல பாத்துக்க. அவன நாமதான் கொண்டு போய்ச் சேக்கணும் போல."

எந்தக் கட்டம்

முதலில் வந்தவர் முத்துப்பாண்டி. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார். புது வியாபாரி ஒருவர் ஒரு லோடு தக்காளி வாங்கி, போனிலேயே பணம் போட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து முத்துப்பாண்டியின் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. வங்கியில் கேட்டால், வடக்கே ஏதோ ஒரு மாநிலப் போலீஸ் நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்றார்கள். அங்கே யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம் நாலைந்து கை மாறி, தக்காளி விலையாக இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்கக்கூட அவரால் பணம் எடுக்க முடியவில்லை. விளைந்ததைக் கொண்டுவருகிற சம்சாரிகள் பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. புகார் கொடுப்பவர் ஒன்று, யார்மீது புகார் என்பது இன்னொன்று. நான் பேனாவோடு இரண்டுக்கும் நடுவில் நின்றேன். இவர் புகார் கொடுக்க வந்திருக்கிறார். ஆனால் அந்த மாநிலத்தில் இவர்மேல்தான் புகார். போலீஸ்மேல் எழுதலாமா என்றால், அவர்கள் இன்னொரு ஏமாந்தவருக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முத்துப்பாண்டி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஏமாந்தவனா, ஏமாத்துனவனா? அத மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, கடையில ஒட்டணும்."

அருவிக்கரை

இரண்டாவது ஆளைத் தேடி நானே குற்றாலம் போனேன். சுடலைமணி அங்கே எண்ணெய் தேய்த்து விடுகிறவர். சீசனில் ஒரு நாளைக்கு இருபது முதுகு பார்ப்பார். கை முழுக்க எண்ணெய் என்பதால் போனைத் தொட முடியாது. அதனால் பணம் வந்தால் குரல் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிக் குடைக்கம்பியில் கட்டியிருந்தார். வந்தவர்கள் தேய்த்து முடித்ததும் பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டு அருவிக்குப் போய்விடுவார்கள். ராத்திரி மகள் கணக்குப் பார்த்தால் பாதிப் பேர் பணமே அனுப்பவில்லை. அந்த டிக், ஏமாற்றுவதற்கென்றே யாரோ செய்துவைத்த போலிச் செயலியில் வருவது.

"பெட்டி சொல்லாமல் எப்படி விட்டீங்க?" என்று கேட்டேன். அதை அவரிடம் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. தண்ணீர் அப்படி விழுந்துகொண்டிருந்தது.

"அது சொல்லுதா சொல்லலியான்னே இங்கன கேக்காதும்மா. எவனப் பாத்தாலும் இப்ப சந்தேகமா இருக்கு, குடுத்தவனயும் சேத்துத் திட்டிருதேன்."

மரியாதையான குரல்

மூன்றாவது, அச்சன்புதூர் ரஹ்மத் பீவி. கணவர் சவுதியில் இருக்கிறார். ஒரு நாள் வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வந்து, கணவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறான். யாரிடமாவது வாய் திறந்தால் அவரை அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்று மிரட்டியிருக்கிறான். காலையிலிருந்து போன் முன்னாலேயே இருந்திருக்கிறார் இந்த அம்மா. மதியம் லுஹர் தொழுகைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, போய்விட்டு வாருங்கள் என்றானாம். அதனாலேயே அவன் நிஜ அதிகாரி என்று நம்பிவிட்டார். வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணம் மூன்று தவணையில் போய்விட்டது. இவ்வளவும் அவர் தம்பி எழுதிக்கொடுத்த மனுவில் இருந்தது.

அவரைச் சபையில் குறிப்பிடச் சம்மதம் கேட்கலாம் என்று போன் செய்தேன். டெல்லியில் பேசப்போகிறார்கள், பெயரும் முகவரியும் சரிபார்க்க வேண்டும், விவாதம் முடிகிறவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று என் வேலைக்கே உரிய பணிவோடு சொன்னேன். பட்டென்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் போகவே இல்லை. மறுநாள் பஸ் ஏறி நேரில் போனேன். அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். தம்பி வரும்வரை வாசலிலேயே நிற்க வைத்தார். அவர் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார், சபையில் சொல்லவும் சம்மதித்தார். அப்போதும் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அவனும் பேரு கேட்டான், தெரு கேட்டான், வெளிய சொல்லாதீங்கன்னான். நீங்க கேட்டதுல எது வேறன்னு சொல்லுங்கம்மா, அடுத்த தடவ வெவரமா இருந்துக்கிடுதேன்."

 

விவாதம்

அன்று மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி டி.வி.யைப் போட்டார். முன்னால் பேசியவர்கள் நீட்டிவிட்டதில் எங்கள் ஐயாவுக்கு நாலு நிமிடம் இரண்டரையாகிவிட்டது. குற்றாலத்தைச் சொன்னார், சுடலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். முத்துப்பாண்டியின் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டார். பிறகு, "ஒரு பெண் காலையிலிருந்து செல்போன் முன்னால்" என்று தொடங்கும்போது மணி அடித்தது. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஐயா உட்கார்ந்தபடியே ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அமைச்சர் இந்தியில் பதில் சொன்னார். ஆம் என்றார்கள், இல்லை என்றார்கள், மசோதா நிறைவேறியது. நல்லதா கெட்டதா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். ரஹ்மத் பீவி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காந்த பொறகும் அவுக வாய் அசைஞ்சுதே, அது என்னயப் பத்தித்தானம்மா?"

பாக்கி

ரஹ்மத் பீவியின் பணத்தில் ஒரு பகுதியை ஏதோ ஒரு வங்கி பிடித்து வைத்திருக்கிறது. அதைத் திரும்ப வாங்க கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்கள். சுடலைமணி பெட்டியைக் கழற்றிவிட்டார். இப்போது தேய்ப்பதற்கு முன்பே ரொக்கம். முத்துப்பாண்டிக்காக, லோடு ரசீதுகளின் நகலை வைத்து அந்த வடக்கத்திப் போலீஸுக்கு நாலு கடிதம் எழுதினேன். மசோதா நிறைவேறி மூன்றாவது வாரம் அவர் கணக்கு திறந்தது. ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தவர், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேசையருகே நின்றார்.

"சட்டம் தொறந்து விட்டுச்சா, நம்ம லெட்டர் தொறந்து விட்டுச்சா, இல்ல அவங்களா போனாப் போவுதுன்னு விட்டாங்களா? இந்த மூணுல எதுக்குக்கா நன்றி சொல்ல?"

மக்களின் குழப்பத்தைத் தெளிவான ஆங்கிலத்தில் டெல்லிக்கு அனுப்புவதும், டெல்லியின் தெளிவான ஆங்கிலத்தைக் குழப்பமாக மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பதும்தான் என் உத்தியோகம் என்பது ஆறு வருடம் கழித்து எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கிறது.