கப்பல் குடித்த கிணறு

உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும் ஊர் எங்கள் மரக்காணம். கடல் காற்று உப்பளங்களைத் தடவிக்கொண்டு ஊருக்குள் வரும் மாலைகளில் ஜன்னல் கம்பி பிசுபிசுக்கும், சைக்கிள் செயின் சிவக்கும், தகரக் கதவில் ஓட்டை விழும். இதெல்லாம் எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. கபூர் மாமு ஒருவருக்குத்தான் தெரிந்தது, அதுவும் அந்தக் கார் வந்த பிறகு.

மாமு உப்பு வியாபாரி, என் அம்மாவுக்குப் பெரியம்மா மகன். புதுச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு பெரிய மனிதரிடமிருந்து அந்த அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். பாலாடை நிறம், பின்பக்கம் மீன் வாலாகத் தூக்கி நின்ற தகடுகள், உள்ளே சிவப்புத் தோல் மெத்தை. தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் தெரு அதற்குக் "கப்பல்" என்று பெயர் வைத்தது. ஓட்டுவதற்காக வாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்குமாம். ஆகவே டிரைவர் காலையில் வாசலுக்கு வந்து கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மேற்கிலிருந்து வந்தால் ஊர்வலம், கடலிலிருந்து வந்தால் கப்பல் ஷெட்டை விட்டு நகராது. ஒரு பெருநாள் காலையில் குடும்பமே புதுத்துணி உடுத்தி, அத்தர் பூசி, ஷெட்டுக்குள் நின்ற காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து காற்று மாறக் காத்திருந்தது. பள்ளிவாசலில் தொழுகையே முடிந்துவிட்டது. நடந்தால் கூப்பிடு தூரம். அத்தனை பெரிய மடத்தனத்தை அத்தனை மிடுக்காகச் செய்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், கிணறு ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். கோடையில் தெருக் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்கும். மாமு வீட்டுக் கொல்லைக் கிணற்றில் மட்டும் "நல்ல தண்ணி". அவருடைய அத்தா காலத்திலிருந்தே குடிக்கவும் சமைக்கவும் தெருவே அங்கேதான் எடுத்தது. ஆனால் உப்புத் தண்ணீரில் அமெரிக்காவைக் கழுவ முடியாதே! மாமு கிணற்றில் மோட்டார் போட்டார். காலையும் மாலையும், மேலே, அடியில், சக்கரத்துக்கு உள்ளே என்று ரப்பர் குழாயைப் பிடித்துக் கப்பலைக் குளிப்பாட்டினார்கள். அது முடியும்வரை பெண்கள் குடத்தோடு நிற்க வேண்டும். "வண்டி கழுவி முடியட்டும், மிச்சம் இருந்தா எடுத்துக்கங்க" என்பார் மாமு, ஏதோ தர்மம் செய்கிறவர் போல.

அம்மா ஒருநாள் கேட்டே விட்டார். நான் பக்கத்தில் சின்னக் குடத்தோடு நின்றிருந்தேன்.

"அண்ணே, இப்படி எறச்சா கடத்தண்ணி உள்ள வந்துடும். புள்ளைங்க எதைக் குடிக்கும்?"

"புள்ளைங்க எதையாச்சும் குடிச்சு வளந்துடும்மா. இது துருப்புடிச்சா நீயா வாங்கித் தருவ?" என்றார் மாமு. டிரைவரும் வாசலில் நின்ற தரகர்களும் சிரித்தார்கள். அம்மா காலிக் குடத்தோடு திரும்பினார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மா சொன்னபடியே கடல் வந்தது. ஒரு காலையில் மாமு வீட்டு டீ திரிந்தது, பால்காரரைத் திட்டினார்கள். மறுநாளும் திரிந்தது. கிணறு உப்பாகிவிட்டது. "பொம்பளைங்க கண்ணு பட்டுடுச்சு" என்று மாமு காரணம் கண்டுபிடித்து, பெருமுக்கல் பக்கமிருந்து பீப்பாயில் நல்ல தண்ணீர் வரவழைத்தார், காருக்கு. அம்மா ஏரிக்கரை அடிபம்புக்கு நடந்தார். முழங்கால் தேய்ந்து உட்காரும்வரை நடந்தார்.

இன்று மாமுவும் இல்லை, அம்மாவும் இல்லை. போன வாரம் மாமுவின் மகன் காதர் சென்னையிலிருந்து ஒரு விளம்பரம் அனுப்பினான். "அரிய அமெரிக்கச் சொகுசுக் கார் விற்பனைக்கு. கடலோரத்தில் இருந்தும் துளி துரு இல்லை. பொக்கிஷம் போல் பாதுகாக்கப்பட்டது." பின்னாலேயே போனும் வந்தது. "அக்கா, வாங்குறவரு ஆரோவில் பக்கத்துலேர்ந்து வர்றாரு. நீங்க சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்க, வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

மாமு வீட்டுக்குப் போனேன், காதரும் சென்னையிலிருந்து வந்திருந்தான். கிணற்றை மண்ணடித்து மூடி, மேலே சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். கப்பல் அதன்மேல்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. காதர் எனக்கு ஒரு டம்ளர் கேன் தண்ணீர் கொடுத்தான். தெருவில் இப்போது எல்லா வீட்டிலும் அதுதான்.

வந்தவர் குனிந்து அடித்தகட்டை விரலால் தடவினார். "இந்த உப்புக்காத்துல எப்படிங்க இவ்ளோ நல்லா வெச்சிருந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நாங்க குடிக்க வேண்டிய தண்ணியில கழுவினாங்க" என்றேன்.

அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். காதரும் சிரித்தான். அன்று சிரித்த அதே சிரிப்பு. டம்ளரில் இருந்ததை அப்படியே பானெட்டின் மேல் ஊற்றினேன்.

காதர் பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. வந்தவரிடம் திரும்பி, "ஒண்ணும் ஆகாதுங்க, கேன் தண்ணிதான்" என்றான். "கெணத்துத் தண்ணியா இருந்தாதான் துருப்புடிக்கும்."